வலைச் செயலியை வெளியிடும் தானியங்கு முறை

கணினி வழியே கணக்கு வைக்கும் வழக்கம் கூட்டுறவுத் துறையில் நாளுக்கு நாள் பரவி வருகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. அங்கத்தினருடைய பங்குத் தொகை, கடன் பாக்கி, வட்டி ஆகியவற்றை எங்கோ ஓரிடத்து சர்வரில் ஓடும் செயலி கணக்கிடும் காலம் இது. அச்செயலி அடிக்கடி திருத்தப்படுவது இயல்பு. திருத்தம் சரியாகவே இருப்பினும், அதைக் கொண்டுபோய் வைக்கும் முறை பிசகினால் நேரும் நஷ்டம் சிறியதன்று. ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எழுதப் புகுந்தோம்.

அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் இருந்தது. 2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க் பங்குச் சந்தையில் தொடங்கவிருந்த ஒரு புதிய ஏற்பாட்டிற்காக அது தன் புரோகிராமைத் திருத்தியது. திருத்தியதை 8 சர்வர்களில் வைக்க வேண்டும். சிப்பந்தி ஒருவர் 7 சர்வர்களில் வைத்தார், எட்டாவது விடுபட்டது. அவர் செய்ததைச் சரிபார்க்க மற்றொருவர் இல்லை. அங்ஙனம் பார்க்க வேண்டுமென்று எழுத்து மூலமான விதியும் இல்லை. எட்டாவது சர்வரிலோ, 2003ஆம் ஆண்டிலேயே உபயோகத்தை நிறுத்திய பழைய பகுதியொன்று அழிக்கப்படாமல் கிடந்தது. அப்பழைய பகுதியை இயக்கிவந்த குறியையே புதிய வேலைக்கும் வைத்துக்கொண்டார்கள். சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர் பழைய வேலையைத் தொடங்கிவிட்டது. வந்தவை 212 சிறு ஆர்டர்கள். 45 நிமிஷத்தில் முடிந்த பேரங்களோ 40 லட்சத்துக்கு மேல். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேற்பட்டது. நடுவே, புதிய புரோகிராமில்தான் கோளாறு என்றெண்ணி, சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் அதனை எடுத்துவிட்டார்கள். தொல்லை இன்னும் பெருகியது. சந்தை திறக்குமுன்னரே 97 எச்சரிக்கை மின்னஞ்சல்கள் சிப்பந்திகளுக்குப் போயிருந்தன. அவற்றைக் கவனித்தார் இல்லை. மறு ஆண்டே அந்நிறுவனம் வேறொன்றுடன் இணைந்து மறைந்தது.

எட்டுத் தறிகளில் ஏழுக்குப் புதிய ஜக்கார்டு அட்டை மாட்டி, ஒன்றில் பழைய அட்டையை விட்டுவிட்டதைப் போன்றது இது. தறியில் முழங்கை நீளம் நெய்வதற்குள் கண் கண்டுகொள்ளும். கணினியின் வேகத்தில் கண்ணுக்கு வேலையில்லை.

இத்தகைய கைவேலையைத் தவிர்ப்பதற்கென ஏற்பட்டதே பைப்லைன் என்னும் முறை. எழுதிய புரோகிராம் முதலில் கிட் என்னும் ஏட்டில் பதிவாகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 2005ஆம் ஆண்டில் உண்டாக்கிய ஏற்பாடு இது. யார், எப்பொழுது, எந்த வரியை மாற்றினார் என்பதனைத்தும் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தைப் போல் இதில் நிற்கும். புதிய பதிவு விழுந்தவுடன் பைப்லைன் தானே புறப்படுகிறது. புரோகிராமையும் அதற்கு வேண்டிய துணைக் கருவிகளையும் சேர்த்து ஒரே பொதியாகக் கட்டுகிறது. 2013இல் வெளிவந்த டாக்கர் இவ்வழக்கத்தைப் பரப்பியது. பொதிக்கு ஓர் எண் உண்டு. பின்னர்ச் சோதனைகள் நடக்கின்றன. 1,000 ரூபாய்க்கு 12 சதவிகிதத்தில் ஓராண்டுத் தனிவட்டி 120 ரூபாய் வருகிறதா என்பது போன்ற கேள்விகளை நூற்றுக்கணக்கில் முன்கூட்டி எழுதி வைத்திருப்பார்கள். ஒரு விடை தவறினாலும் பொதி அங்கேயே நின்றுவிடும். தேறிய பொதி ஒத்திகை சர்வருக்குச் செல்கிறது. பொறுப்பாளர் அனுமதித்த பின்பு அதே எண்ணுள்ள பொதி, மறுபடி கட்டப்படாமல், மெய்யான சர்வர்களுக்குப் போகிறது. ஒவ்வொரு சர்வரும் புதிய எண்ணோடு நலமாக ஓடுகிறதென்று தெரிந்த பிறகே அடுத்ததைத் தொடும். எட்டாவது விடுபட இடமில்லை. கோளாறு கண்டால் முந்திய எண்ணுக்குத் திரும்பலாம்.

சர்வர்களைச் சொந்தமாக வாங்காமல் வாடகைக்கு எடுப்பதே கிளவுட் எனப்படுவது. அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் இவ்வாறு வாடகைக்கு விடத் தொடங்கியது. ஒத்திகைக்கென எடுத்த சர்வரை நிறுத்த மறந்தால் வாடகை ஏறிக்கொண்டேயிருக்கும். தணிக்கையில் இதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பைப்லைனுக்கு அளிக்கும் அதிகாரமும் அளவோடு இருத்தல் வேண்டும். கடவுச்சொற்களைப் புரோகிராமிலேயே எழுதிவைப்பது இரும்புப் பெட்டியின் சாவியைப் பெட்டியின் மேலேயே வைப்பதற்கு ஒப்பாகும். அவற்றுக்கெனத் தனிப் பெட்டகச் சேவைகள் உள்ளன.

பைப்லைன் வைத்தால் கவலையில்லை என்று விற்பவர்கள் சொல்வதை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. நைட் நிறுவனத்தில் கிடந்த பழைய பகுதியை எந்தப் பைப்லைனும் தானாக அகற்றியிராது. அது மனிதர் பார்க்க வேண்டிய வேலை. எழுதப்படாத சோதனையையும் அது நடத்தாது.

எல்லாவற்றிலும் கடினமானது கணக்கு இருக்கும் தரவுத்தளம். புரோகிராமைப் பழைய எண்ணுக்குத் திருப்புதல் எளிது. இடையில் பதிவான ரசீதுகளை அவ்வாறு திருப்ப இயலாது. 'பாக்கி' என்றிருந்த கலத்தை 'அசல் பாக்கி', 'வட்டி பாக்கி' என்று இரண்டாகப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய கலத்தை உடனே நீக்கிவிட்டால், முந்திய பொதிக்குத் திரும்பும்போது அது படிக்க வேண்டிய கலமே இராது. எனவே தேர்ந்தவர்கள் முதலில் புதிய கலங்களைச் சேர்க்கிறார்கள். சில வாரம் பழையதிலும் புதியதிலும் ஒருங்கே எழுதுகிறார்கள். முன்னைய கணக்குகளையும் பிரித்தெழுதி, இரண்டும் ஒத்துப்போவதைக் கண்ட பின்னரே பழையதை நீக்குகிறார்கள். நாட்கள் கூடும், செலவும் கூடும். அச்செலவைக் குறைக்கச் சொல்லும் நிர்வாக சபையினர், ஒரு பருவத்துக் கடன் கணக்கைக் கையால் மீண்டும் எழுத எத்தனை நாள் பிடிக்கும் என்பதைத் தம் எழுத்தரிடம் கேட்டறிவது நல்லது.

செயலி எழுத ஒப்பந்தம் கொடுக்கும் சங்கங்கள், விலைப்புள்ளியோடு சில விடைகளையும் எழுத்தில் பெறலாம். வெளியீட்டுக்கு அனுமதி கொடுப்பவர் யார்? அவரும் புரோகிராம் எழுதியவரும் ஒரே ஆளா? முந்திய பொதிக்குத் திரும்ப எத்தனை நிமிஷம் ஆகும்? எச்சரிக்கை வந்தால் அதைப் படிப்பவர் யார்? கணக்கின் காப்புப் பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டு எடுத்துப் பார்த்தது கடைசியாக எந்தத் தேதியில்?