கழுவேலிக் கரையில் துப்பாக்கிக்கு என்ன வேலை?

வேட்டைக்குக் குறைந்த விலையில் ஒரு பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி வாங்கலாமா என்று கேட்கிற இளைஞர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏரிக்கரையில் நின்று வாத்து சுடுகிறவர்களின் வீடியோக்கள் இன்று எல்லாக் கைப்பேசியிலும் ஓடுகின்றன. இடையஞ்சாவடி கிராமத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் வடக்கே இருக்கும் கழுவேலி ஏரியைப் பார்க்க வேண்டும்.

முதலில் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழலுக்கு அடியில் உள்ள பிடியைப் பின்னால் இழுத்தால் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். கையின் பலத்திலேயே எல்லாம் நடப்பதால் பாகங்கள் குறைவு, பழுது குறைவு, விலையும் குறைவு. 1950இல் வந்த ரெமிங்டன் 870 உலகம் முழுவதும் விற்றுத் தீர்ந்ததற்கு இதுவே காரணம். நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் 12 போர் பம்ப் துப்பாக்கி செய்திருக்கிறது. உரிமம் உள்ளவர் வாங்கலாம்.

அந்த உரிமம் எதற்குக் கிடைக்கும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத துப்பாக்கியைத் தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் தரலாம் என்கிறது. பயிர்க் காவலுக்கு என்றால் குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியைத்தான் முதலில் சொல்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால்தான் மற்றது. வேட்டைக்கு என்று எழுதிக் கேட்கவே இடமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டைக்கு உரிமம் வழங்க ஒரு வழி இருந்தது. 1991இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

கழுவேலி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கும் நீர்ப்பரப்பு அது. 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவரிடம் ஏற்கெனவே உரிமத் துப்பாக்கி இருந்தால், வனத்துறையிடம் பெயரைப் பதிய வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய உரிமம் தருவதென்றால் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு சொல்லும் இந்த விதி, துப்பாக்கி வைத்திருக்கும் பலருக்கே தெரியாது என்பது என் எண்ணம். சரணாலயத்துக்குள் சுட்டால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். உரிமம் வேண்டாத ஏர்கன்னால் கொக்கை அடித்தாலும் அது வேட்டைதான். சட்டத்தின் பார்வையில் கண்ணி வைப்பதும் முட்டை எடுப்பதும்கூட வேட்டையே.

பம்ப் துப்பாக்கியை ஏரிப் பக்கம் கொண்டுவரவே கூடாது என்று நான் சொல்வதற்குச் சட்டம் மட்டும் காரணமில்லை. நாட்டுத் துப்பாக்கியில் கரிமருந்து போட்டு, பால்ரஸ் குண்டு இட்டு, கம்பியால் இடித்து, ஒருமுறை சுட்டதும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் கூட்டம் பறந்துவிடும். பம்ப் துப்பாக்கியோ, எழும்பும் கூட்டத்தின் மீதே அடுத்தடுத்து ரவையை வாரி இறைக்கும். வேட்டையை அனுமதிக்கும் அமெரிக்காவே இதைக் கண்டு அஞ்சியது. வலசைப் பறவைகளைச் சுடும் துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு வைக்க வேண்டும் என்று 1935இலேயே விதி செய்தது. 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையையும் நாடு முழுவதும் தடை செய்தது. குறி தப்பிய ரவை சேற்றில் தங்கும். இரையை அரைக்கச் சிறுகல் பொறுக்கும் வாத்து அதையும் விழுங்கி, ஈய நஞ்சேறிச் சாகும். ஆழமில்லாத கழுவேலியில் வாத்துகள் மேய்வது அந்தச் சேற்றில்தான்.

இந்தக் கரையில் பறவை வேட்டை என்றதும் எல்லோரும் நரிக்குறவர்களைக் கைகாட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தலைமுறை தலைமுறையாக வேட்டையால் பிழைத்தவர்களிடம் அந்தத் தொழிலை விடச் சொன்னோம். பழங்குடியினர் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் வரை ஆயிற்று. பிடிபடுகிறவர் பெரும்பாலும் ஏழை. காட்டு வாத்துக் கறிக்குச் சொன்ன விலையைக் கொடுத்து வாங்கித் தின்கிறவர் பெயர் வழக்கில் வருவது அபூர்வம். வாங்க ஆளில்லாவிட்டால் யார் விடியற்காலையில் சேற்றில் இறங்கப் போகிறார்கள்?

பறவைக்காகத் துப்பாக்கியை எதிர்த்த ஊர் நமக்குத் தூரத்தில் இல்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை 1798இல் எழுத்தாகவே வாங்கினார்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த உழவர்களுக்குத் தெரிந்திருந்தது. கும்பினி ஆட்சியில், கையில் ஆயுதமில்லாத குடியானவர்கள் துப்பாக்கிக்காரர்களைத் தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். நினைக்க நினைக்க எனக்கு வியப்பு தீரவில்லை.

துப்பாக்கி சுடுவதில் உண்மையிலேயே ஆசை இருக்கும் இளைஞர்களே, ரைபிள் கிளப்பில் சேருங்கள். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப், ஸ்கீட் இரண்டும் ஒலிம்பிக் போட்டிகள். கை, கண் இரண்டுக்கும் அங்கே வேலை உண்டு. கள்ளத் துப்பாக்கி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கிட்டே போகாதீர்கள். வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு சிறை. கழுவேலிப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். யார் கொண்டுவந்து கொடுத்தாலும் காட்டுப் பறவைக் கறியை வாங்காதீர்கள்.