பிழை காண்பவருக்கும் பாராட்டு வேண்டும்

நம் சங்கக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் மென்பொருள் சோதனையாளராய்ப் பணிபுரிகின்றனர். பிழையைச் சுட்டினால், வேலையைத் தடுப்பவர் என்ற ஏச்சு. ஒரு பிழை தப்பிவிட்டாலோ முழுப் பழியும் அவர்மீதே. கடைசி நாளில் அழைத்து அவசரப்படுத்துவதும் உண்டு. இவையே அவர்தம் ஊக்கத்தைக் குலைப்பவை.

சோதனையைக் குறைத்தால் நேர்வதென்ன? 1996 ஜூன் 4-இல் ஐரோப்பாவின் ஏரியன்-5 ராக்கெட் புறப்பட்டுச் சுமார் 40 விநாடிகளில் சிதறியது. ஏரியன்-4க்கு எழுதிய மென்பொருளைப் புதிய ராக்கெட்டின் பாதைக்கேற்பச் சோதியாமலே பொருத்தியிருந்தனர். சோதித்திருந்தால் பிழை வெளிப்பட்டிருக்கும் என்றது விசாரணைக் குழு.

முதல் நாளே கலந்தாலோசிப்பதும், கண்ட பிழையை நன்றியுடன் திருத்துவதுமே சோதனையாளருக்கு உற்சாகம் தரும். களைத்து வீடு திரும்பும் பிள்ளையிடம், "இன்று என்ன பிழை பிடித்தாய்?" என்று பெருமிதத்துடன் கேளுங்கள், அதுவும் சன்மானமே.