தட்டின் கொள்ளளவு அறிந்து சரக்கு ஏற்றுவோம்!
வீட்டிலேயே டி.வி.டி. தயாரிக்க எந்த மென்பொருள் ஏற்றது?



கடைத் திறப்பு விழா, மகள் திருமணம், சங்கக் கூட்டம் என்று நம்மில் பலர் வீட்டு பீரோவில் பழைய வீடியோ கேசட்டுகள் கிடக்கின்றன. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் வி.சி.ஆர். உற்பத்தியை நிறுத்திவிட்டது. நாடாவில் பூஞ்சை படர்வதோ நிற்பதில்லை. தாமதித்தால் இழப்பு நமக்குத்தான்.

நமது அனுபவத்தையே சொல்கிறோம். மறைந்த நம் தந்தையார் பேசும் காட்சி உள்ள ஒரே கேசட், 1992-இல் கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் நம் கடை வாசலில் நடந்த அன்னதானத்தின்போது எடுத்தது. அதை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். திருமணக் கேசட்டையும் சேர்த்து ஐந்து மணி நேரப் படத்தை ஒரே தட்டில் அடைத்துக் கொடுத்தார்கள். கூட்டம் நகரும் இடமெல்லாம் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. தந்தையார் முகமே தெரியவில்லை. நல்லவேளை, கேசட்டைத் தூக்கி எறியவில்லை. கேப்சர் கருவி ஒன்று வாங்கி, கல்லூரியில் படிக்கும் பேரனுடன் அமர்ந்து நாமே செய்து பார்த்தோம்.

கணக்கு இதுதான்

சாதாரண டி.வி.டி. ஒன்றின் கொள்ளளவு 4.7 ஜி.பி., அதாவது சுமார் 3,760 கோடி பிட். இரண்டு மணி நேரப் படம் ஏற்றினால் நொடிக்கு 52 லட்சம் பிட் கிடைக்கும். ஐந்து மணி நேரம் ஏற்றினால் 21 லட்சம் கூடத் தேறாது.

டி.வி.டி.க்கான எம்பெக்-2 முறை நம் இருப்புப் பேரேடு போன்றது. முந்தைய படத்தின் இருப்பை அப்படியே கொண்டுவந்து, மாறியதை மட்டும் எழுதிக்கொள்ளும். அசையாத சுவருக்கு ஒரு வரி போதும். தீபக் கூட்டமும் புகையும் சுடரும் ஒவ்வொரு நொடியும் மாறுவதால் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். பழைய நாடாவின் புள்ளிகளும் அப்படியே. ஆகவே, பழைய படம்தானே என்று இடத்தைக் குறைப்பது தவறு.

எது எப்படி?

டி.வி.டி. ஃபிளிக்: இலவசம். தட்டுக்கு ஏற்ப அளவைத் தானே சரிசெய்யும். புதியவர்களுக்கு எளிது. ஆனால் புதிய பதிப்பு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

டி.வி.டி.ஸ்டைலர்: இதுவும் இலவசம். திருமணம், வரவேற்பு என்று பிரித்து முகப்புப் பட்டியல் வைக்கலாம்.

எஃப்.எஃப்.எம்பெக்: இலவசம். கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். இதன் வழக்கமான டி.வி.டி. அளவு படத்துக்கு மட்டும் நொடிக்கு 60 லட்சம் பிட். அதை மாற்றாமல் விட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் போனதுமே தட்டு நிரம்பிவிடும். இதில் இருமுறை ஓட்டும் வசதி உண்டு. முதல் முறை சரக்கைச் சுற்றிப் பார்க்கும், மறுமுறை தேவை அறிந்து பங்கிடும். நேரம் கூடுதல், பலனும் கூடுதல்.

ஹேண்ட்பிரேக்: பலரும் இதைச் சொல்வார்கள். ஆனால் இது டி.வி.டி. தயாரிக்காது. படத்தை எம்.பி.4 போன்ற கோப்பாக மாற்றவே உதவும்.

முடிவாக, மென்பொருளைவிட ஒரு தட்டில் எத்தனை மணி நேரம் ஏற்றுகிறோம் என்பதே முக்கியம். இரண்டு மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். நாம் தீபக் கேசட்டை மட்டும் தனித் தட்டில், எஃப்.எஃப்.எம்பெக்கில் இருமுறை ஓட்டி எடுத்தோம். இலை போட்டுப் பரிமாறச் சொல்லி அதட்டும் தந்தையார் முகம் தெளிவாகத் தெரிந்தது. வீட்டில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

தட்டும் நிரந்தரமல்ல. இப்போது வரும் பல மடிக்கணினிகளில் டி.வி.டி. போட இடமே இல்லை. ஆகவே கோப்பை ஹார்டு டிஸ்கிலும் ஒரு படி வைத்திருங்கள். தட்டைப் போட்டு முழுமையாகப் பார்த்த பிறகும் கேசட்டை எறியாதீர்கள். எடை சரிபார்க்காமல் மூட்டையை இறக்குவோமா நாம்?