முதற்படியும் திருத்தப்படியும்

கட்டுரையை எழுதி முடித்தால் வேலை முடிந்தது என்று எண்ணும் மாணவர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன். திருத்துவது என்றால் ஒற்றுப்பிழை களைவது, இரண்டொரு அழகிய சொற்களைச் செருகுவது, அவ்வளவே என்பது என் எண்ணம்.

துறை ஆய்வரங்கிற்காக உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி 12 பக்கங்கள் எழுதினேன். தலைப்பு, ‘குடவோலை கண்ட மக்களாட்சி’. படித்துப் பார்த்த பேராசிரியர் ஒரே ஒரு வரியின்கீழ்ப் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் ‘யார் யார்?’ என்று மட்டும் எழுதித் தந்தார். ‘ஊர்மக்கள் அனைவரும் வாக்களித்துத் தம் தலைவரைத் தேர்ந்தெடுத்தனர்’ என்பது அவ்வரி. கட்டுரையிலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி! கைத்தட்டல் கிடைக்குமென நான் நம்பியிருந்ததும் அதற்குத்தான்.

கல்வெட்டு வாசகத்தை மீண்டும் பிரித்தேன். முதற் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 921இல், ஒரு பிராமண ஊரின் சபை செய்த ஏற்பாடு அது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். வாக்கு எண்ணப்படவில்லை, ஏறத்தாழத் திருவுளச்சீட்டு. தேர்ந்தவர் தலைவரும் அல்லர், வாரிய உறுப்பினர். ஓலையில் பெயர் ஏற, பொதுவாக வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35க்கு மேல் 70க்குட்பட்ட வயது வேண்டும். ‘அனைவரும்’ என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை.

வரியை அடித்தேன். உடனே தலைப்பு ஆட்டங்கண்டது; அதையும் மாற்றினேன். கிரேக்க நாட்டில் தொடங்கிய என் முன்னுரை மூன்று பக்கமும் பயனற்றுப் போயிற்று. (கிழிக்க மனமில்லை, பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.) 12 பக்கம் 7 ஆயிற்று.

அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மீண்டும் குடத்தில் பெயரிட முடியாது என்கிறது கல்வெட்டு. முதற்படியில் இதற்கு நான் தந்தது அரை வரி! மக்களாட்சி முழக்கத்தில் அது அமுங்கிவிட்டது. இப்போது அதை ஒரு பக்கமாக விரித்தேன்.

பிறகு மூன்று நாள் தொடாமல் வைத்திருந்து, பொருளியல் பயிலும் அறைத்தோழனிடம் உரக்கப் படித்தேன். “வாரியம்னா என்னடா?” என்று அவன் மறித்த இடத்தில் ஒரு விளக்கம் சேர்த்தேன், அவன் கொட்டாவி விட்ட இடத்தில் ஒரு பத்தியை நீக்கினேன். ஒற்றுப்பிழை பார்த்தது கடைசி நாள் மாலையில்தான். ஒன்பது இருந்தன.

ஆய்வரங்கில் கைத்தட்டல் குறைவுதான். ஆனால், கணக்குக் காட்டாதவரைப் பற்றி மட்டும் மூன்று பேர் எழுந்து கேள்வி கேட்டார்கள்.