தலையில் அடிபட்ட பின் வரும் வலியும் சத்து மாத்திரையும்

குறுவை அறுவடைக் காலத்தில் தஞ்சை வட்டாரத்துச் சாலைகளில், களத்தில் இடம் போதாமையாலும், ஈரம் குறையாத நெல் கொள்முதல் நிலையத்தில் எடுபடாது என்ற கவலையாலும் விவசாயிகள் நெல்லைப் பரப்பிக் காயவைப்பதும், அந்தி மயங்கும் வேளையில் அந்த நெல்லின் மேல் மோட்டார் சைக்கிளின் சக்கரம் சறுக்கி, ஓட்டி வந்தவர் விழுந்து தலையில் அடிபடுவதும் டெல்டாவில் பலரும் அறிந்த சங்கதிகள். பொங்கலை ஒட்டிக் கிராமந்தோறும் நடக்கும் கபடி ஆட்டத்தில் மண்டையோடு மண்டை மோதிக்கொள்ளும் இளைஞர்களும், மழைக்குப் பாசி படிந்த கிணற்றடியில் வழுக்கி விழும் முதியவர்களும் உண்டு. இவர்களுள் பெரும்பாலோருக்கு எலும்பு முறிவதில்லை. ஸ்கேன் எடுத்தாலும் ரத்தக் கசிவு தென்படுவதில்லை. 'பயப்பட ஒன்றுமில்லை' என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு வீடு திரும்பிய பிறகுதான் உபாதை ஆரம்பமாகிறது. தலைவலி விடாமல் வருகிறது, வெளிச்சம் கூசுகிறது, நாலு வரி சேர்ந்தாற்போல் படிக்க முடிவதில்லை, தூக்கம் கெடுகிறது, காரணமில்லாமல் கோபம் வருகிறது. மூளையதிர்ச்சி என்று வைத்தியர்கள் குறிப்பிடும் இந்நிலையில், அடிபட்ட 7 நாட்களுக்குள் தோன்றும் தலைவலியை அடியால் விளைந்ததென்று கணக்கிடுவதும், அது 3 மாதங்களைத் தாண்டினால் நீடித்த தலைவலி என்று வகைப்படுத்துவதும் இன்றைய சர்வதேச வழக்கம்.

இத்தகைய வீடுகளில் முதலில் வருவது சுக்குப் பற்று, அடுத்து தைலம், அதன் பிறகு மருந்துக்கடையிலிருந்து ஓர் அட்டை சத்து மாத்திரை. 'அடிபட்ட உடம்பு, சத்து வேண்டாமா?' என்று தாயோ மனைவியோ கேட்கும்போது அதில் பேசுவது அன்பு. அந்த அன்பை அறியாமை என்று தள்ளிவிடுவது பெருந்தவறு. ஏனெனில் அந்த எண்ணத்துக்கு விஞ்ஞான ஆதாரம் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. தலை குலுங்கிய கணத்தில் மூளையின் நரம்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியே பாய்கிறது. கால்சியம் உள்ளே நுழைகிறது. அணுக்களுக்குள் மக்னீசியம் குறைகிறது. நிலைகுலைந்த இந்த உப்புகளை மீண்டும் தத்தம் இடத்தில் நிறுத்துவதற்கு அணுக்களுக்குப் பெருமளவு சக்தி தேவைப்படுகிற அதே சமயத்தில், அந்தச் சக்தியை உண்டாக்கும் திறன் அவற்றுக்குத் தளர்ந்து போகிறது. ரைபோஃபிளேவின் எனப்படும் பி2 வைட்டமினும் மக்னீசியமும் இந்தச் சக்தி உற்பத்தியில் பங்கு கொள்பவை என்பதால், அவற்றைக் கூடுதலாகக் கொடுத்தால் மூளை விரைவில் தேறாதா என்று ஆராய்ச்சியாளர்கள் கேட்டது நியாயமான கேள்வியே.

ஆனால் கேள்வி நியாயமானதாக இருப்பதால் மட்டும் விடை அனுகூலமாக வந்துவிடாது. ரைபோஃபிளேவினுக்கு இன்று தலைவலி சம்பந்தமாக இருக்கும் மதிப்பின் பெரும்பகுதி, 1998-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷோனன் முதலானோர் வெளியிட்ட ஒரு பரிசோதனையிலிருந்து வந்தது. 55 ஒற்றைத் தலைவலி நோயாளிகளுள் ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் பி2 வைட்டமினும், மற்றவர்களுக்கு அதைப் போலவே தோன்றும் வெறும் மாத்திரையும் 3 மாதம் கொடுத்துப் பார்த்ததில், வலி பாதிக்குப் பாதியாவது குறைந்தவர்கள் முதல் சாராரில் 100-க்கு 59 பேர், இரண்டாம் சாராரில் 15 பேர். நல்ல பலன்தான். எனினும் அது ஒற்றைத் தலைவலிக்காரர்களிடம் கண்ட பலன்; அடிபட்டவர்களிடம் கண்டதன்று. அடிபட்ட பின் வரும் வலி பல சமயம் ஒற்றைத் தலைவலியின் சாயலிலேயே இருப்பதால் வைத்தியர்கள் அந்த அனுபவத்தை இதற்கும் கடனாக வாங்கிப் பயன்படுத்துகிறார்கள்.

இதில் அளவு என்ற விஷயத்தைப் பலர் கவனிப்பதேயில்லை. ஒரு மனிதனுக்கு அன்றாடம் தேவைப்படும் பி2 வைட்டமின் ஏறத்தாழ 2 மில்லிகிராம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் இருப்பது சுமார் 10 மில்லிகிராம். பரிசோதனையில் கொடுத்ததோ 400. ஆகவே அட்டையிலிருந்து நாளுக்கொரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு தலைவலி தீரும் என்று காத்திருப்பவர் அந்தப் பரிசோதனை சொன்னதைச் செய்யவேயில்லை. 400 மில்லிகிராமை உட்கொள்பவரோ அன்றாடத் தேவையைப்போல் 200 மடங்கை விழுங்குகிறார் என்பதால், அது ஆகாரமன்று, மருந்தே என்று அறிந்து வைத்தியர் சொற்படி உட்கொள்ள வேண்டியவராகிறார்.

வைட்டமின்கள் உலகப் புகழ் பெற்றதே குறைபாட்டு நோய்களைத் தீர்த்ததனால்தான். நெல் விளையும் நாட்டாருக்கு அந்தச் சரித்திரம் அந்நியமானதன்று. வடசர்க்கார் ஜில்லாக்களில் தீட்டிய பச்சரிசியை உண்டவர்களைப் பெரிபெரி நோய் வாட்டியதையும், புழுங்கலரிசி உண்ணும் பிரதேசங்கள் அதிலிருந்து பெரும்பாலும் தப்பியதையும் குன்னூரில் ஆராய்ச்சி நடத்திய மெக்காரிசன் 1920-களில் ஆராய்ந்து எழுதினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது என்பதே அதன் இரகசியம். பெரிபெரி குறைபாட்டால் வந்த நோய். குறையை நிரப்பியதும் நோய் நீங்கியது. தலையில் விழுந்த அடி அப்படியன்று. நிறைவாக உண்டு வளர்ந்த திடகாத்திரமான இளைஞனுக்கும் மூளையதிர்ச்சி உண்டாகும்; அவனிடம் நிரப்புவதற்குக் குறையே இல்லாமலிருக்கலாம். அதே சமயம், சோகை பிடித்த பெண்ணுக்கோ, பி12 குறைந்த முதியவருக்கோ அடிபட்டிருந்தால், அந்தக் குறையைக் கண்டுபிடித்துத் தீர்ப்பது எப்படியும் செய்ய வேண்டிய காரியம். மக்னீசியம் நம் சமையலறைக்குப் புதிதன்று: தீட்டாத அரிசி, கேழ்வரகு, எள், உளுந்து, முருங்கைக்கீரை ஆகியவற்றில் அது தாராளமாக உண்டு.

மருந்து என்று ஒன்றைச் சொன்னால் அதைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்ற கொள்கை மேல்நாட்டிலிருந்து மட்டும் நமக்கு வந்ததன்று என்பதைத் தஞ்சைவாசிகள் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம். 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மஹால் என்ற வைத்திய சாலையை ஏற்படுத்தி, ஆயுர்வேதம், சித்தம், யுனானி, ஐரோப்பியம் ஆகிய முறைகளில் தேர்ந்தவர்களை அங்கே அமர்த்தி, மருந்துகளைப் பிரயோகித்துப் பார்க்கச் செய்தார். கண்ணோயாளிகளின் நிலையைச் சித்திரங்களோடு எழுதிவைத்த குறிப்புகள் அங்கிருந்து நமக்குக் கிடைத்துள்ளன. அனுபவத்தில் தேறிய முறைகள் செய்யுள்களாக யாக்கப்பட்டு, சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் பிற்காலத்தில் சரசுவதி மஹால் நூல் நிலையத்தாரால் அச்சேறின. நோயாளியைப் பார், மருந்தைக் கொடு, விளைவை எழுதிவை என்னும் அந்த ஒழுங்கைத்தான் நான் இன்றைய சத்து மாத்திரைகளிடமும் எதிர்பார்க்கிறேன்.

அப்படிப் பரீட்சித்தபோது தோற்றவையும் உண்டு. தலைக்காயம்பட்டவர்களுக்கு நம் நாட்டில் இன்றும் மிகுதியாக எழுதித் தரப்படும் சிட்டிகோலின் என்பதை, அமெரிக்காவில் 1,213 பேரிடம் 90 நாட்கள் சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் மருந்தைவிட அது எவ்விதத்திலும் மேலானதாகக் காணப்படவில்லை. அடிபட்ட பின் உபாதை நீங்காத 8 முதல் 18 வயது வரையுள்ளவர்கள் 99 பேருக்கு மெலடோனின் கொடுத்துப் பார்த்த கனடா நாட்டுப் பரிசோதனையும் 2020-இல் அவ்வாறே ஏமாற்றத்தில் முடிந்தது. பட்டர்பர் என்ற மூலிகையின் கதை இன்னும் கவலைக்குரியது: ஒற்றைத் தலைவலிக்கு அது உயர்ந்த மருந்தென்று 2012-இல் சிபாரிசு செய்த அமெரிக்க நரம்பியல் சங்கத்தார், கல்லீரலுக்கு அதனால் தீங்கு நேரக்கூடும் என்ற அச்சத்தால் அந்த வழிகாட்டியையே 2015-இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மக்னீசியம் உடம்பில் தேங்கி ஆபத்தாகலாம். பி6 வைட்டமினை அதிக அளவில் நெடுநாள் உட்கொண்டால் நரம்புகளே கெட்டுக் கைகால் மரத்துப்போகும்.

இவ்வளவையும்விட அதிகமாக என்னை வருத்துவது வேறொன்று. சத்து மாத்திரையோடு கூடவே வலி மாத்திரையும் நாள்தோறும் உள்ளே போகிறது. பாராசிட்டமால் போன்றவற்றை மாதத்தில் 15 நாட்களுக்கு மேலும், பல மருந்துகள் கலந்த வலி மாத்திரைகளை 10 நாட்களுக்கு மேலும் மாதக்கணக்கில் உட்கொண்டு வந்தால் அம்மாத்திரைகளே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும். அடியால் வந்த வலி எப்போதோ அடங்கியிருக்க, மாத்திரையால் வந்த வலி அதன் இடத்தில் குடியேறிவிட்டதை அறியாமல், 'அன்றைக்கு விழுந்ததுதான் இன்னும் விடவில்லை' என்று சொல்லிக்கொண்டு இன்னொரு மாத்திரையைத் தேடுகிற பரிதாபம் இதில் நேர்கிறது. வைத்தியரிடம் போனால் என்ன சத்து மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதோடு, எத்தனை வலி மாத்திரை விழுங்குகிறோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

ஓய்வைப் பற்றியும் அபிப்பிராயம் மாறியிருக்கிறது. இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கவைப்பது நல்லதென்று முன்னர் எண்ணினார்கள். முதல் 2 நாட்கள் அளவான ஓய்வும், கைப்பேசித் திரையைக் குறைப்பதும், பிறகு வலி மிகாத அளவுக்கு நடை முதலிய இலேசான உழைப்பும் நன்மை தரும் என்பதே ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் 2023-இல் வெளியிட்ட கருத்து. வேளைக்குச் சாப்பாடு, போதிய தண்ணீர், ஒரே நேரத்தில் தூக்கம் என்னும் மூன்றையும் ஒழுங்காக்காமல் மாத்திரைக்குப் போவது சரியான வரிசையன்று.

வைத்தியர் சம்மதித்து மக்னீசியமோ பி2 வைட்டமினோ தொடங்கினால், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே தொடங்கி, ஒரு சிறு நோட்டில் வலி வந்த நாள், அதன் கடுமை, தூங்கிய மணி, விழுங்கிய மாத்திரை ஆகியவற்றை எழுதி வரவேண்டும். 3 மாதத்தில் நோட்டு வித்தியாசம் காட்டாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். பி2 வைட்டமினால் சிறுநீர் அடர்ந்த மஞ்சளாவது இயல்பு; அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஆனால் எந்தச் சத்து மாத்திரையையும் நினையாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டிய அடையாளங்கள் உண்டு: ஓயாத வாந்தி, மணிக்கு மணி ஏறும் வலி, எழுப்பியும் எழாத உறக்கம், வலிப்பு, உளறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, இரு கண்மணிகளும் ஒத்த அளவில் இல்லாமை. முதியவர்கள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். மூளையை மூடிய சவ்வின் கீழ் ரத்தம் சிறுகச் சிறுகக் கசிந்து, விழுந்ததையே வீட்டார் மறந்துபோன சில வாரங்களுக்குப் பின் தலைவலியாகவும் நடைத் தள்ளாட்டமாகவும் மறதியாகவும் அது வெளிப்படுவதுண்டு. முதல் ஸ்கேன் நன்றாயிருந்ததென்று அப்போது சமாதானப்பட்டுவிடக் கூடாது. இருதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்ளும் பாட்டனாருக்கு, தலையில் பட்ட அடி சிறிதென்று தோன்றினாலும் அன்றே ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும். மீனெண்ணெய், வைட்டமின் ஈ போன்றவற்றையும் டாக்டரைக் கேட்காமல் அவருக்குக் கொடுக்கலாகாது.