டயர் சொன்ன பாடம்

எங்கள் வாப்பா தோப்பூரில் பழைய ஆல்டோ கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறார். நோயாளர்களைத் திருகோணமலைக்கு ஏற்றிச் செல்வதே பெரும்பாலும் அவருடைய ஓட்டம். நோன்புக்கு முன்பு வாங்கிய முன் டயர்கள் இரண்டும் ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் தேய்ந்துவிட்டன. கார் கழுவும்போது தடவிப் பார்த்தேன். வெளிப்பக்கம் புதிதாக இருந்தது; உட்பக்கத்தில் கம்பி தெரிந்தது. "டயர் சரியில்ல மகள்" என்றார் வாப்பா.

பிழை டயரில் இல்லை. டயர் வாங்கிய நாட்களில்தான் முன் சொக் எப்சோபர்களையும் மாற்றியிருந்தார். காசு மிச்சம் பிடிக்க அலைன்மெண்ட் பார்க்கவில்லை.

உயர்தரப் பௌதிகவியலில் வில்லில் தொங்கும் திணிவு மேலும் கீழும் அலைவதைப் படிக்கிறோம். காரின் சுமையைத் தாங்குவதும் வில்தான். அதன் அலைவை அடக்குவது சொக். அதனுள்ளே எண்ணெயும், சிறு துளைகளுள்ள முசலமும் இருக்கின்றன. எண்ணெய் அத்துளைகளால் நெருக்கிச் செல்லும்போது அலைவின் சக்தி வெப்பமாகிவிடும். எண்ணெய் கசிந்து போனால் வில் துள்ளிக்கொண்டே இருக்கும். நிலத்தைச் சரியாகத் தொடாத சக்கரத்துக்கு பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது.

சொக்கின் உடலில் எண்ணெய்க் கசிவு, பிரேக் பிடித்தால் மூக்குக் குத்துதல், டயரில் திட்டுத் திட்டான தேய்வு என்பன பழுதின் அடையாளங்கள். மாற்றினால் இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அழுத்தப்பட்ட வில் ஆளைக் கொல்லும் விசையுடையது. உரிய கருவியில்லாமல் வீட்டில் கழற்றக் கூடாது.

சொக் மாற்றினால் சக்கரம் ஏன் கோணும்? இந்த வகைச் சிறிய கார்களில் முன் சொக்கும் வில்லும் ஒரே தூணாக இருக்கும். அமெரிக்கப் பொறியியலாளர் மக்பர்சனின் பெயரால் அதை அழைப்பர். அந்தத் தூண்தான் சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கிறது. கழற்றிப் பூட்டும்போது ஆணி சற்று இடம்மாறினாலும் சக்கரம் சாயும்.

அலைன்மெண்டில் பார்ப்பது மூன்று. முன்னால் நின்று பார்த்தால் தெரியும் சாய்வு 'கேம்பர்'. மேலிருந்து பார்த்தால், நடக்கும் பாதங்களைப் போல இரு சக்கரங்களும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது 'டோ'. சைக்கிளின் முன் கவரைப் போல ஸ்டியரிங் அச்சு பின்சாய்ந்திருப்பது 'காஸ்டர்'. திருப்பிய சக்கரத்தை நேராக்க அது உதவுகிறது. அளக்கும் முன் டயர்க் காற்றையும் மூட்டுகளின் ஆட்டத்தையும் சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் வரும் பாகைகள் பொய் சொல்லும்.

எங்கள் காரில் டோ வெளிநோக்கித் திரும்பியிருந்தது. ஒவ்வொரு பயணத்திலும் டயர் உருண்டதோடு உரஞ்சுப்பட்டும் வந்திருக்கிறது.

மிச்சம் பிடித்த காசு இரண்டு டயராகப் போனது. அது போகட்டும். அந்த டயர்களோடு மாரி மழையில், பிரசவ வலியில் துடிக்கும் ஒரு தாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தில் வாப்பா பிரேக் பிடித்திருந்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. அல்ஹம்துலில்லாஹ், அப்படி நடக்கவில்லை.

சகோதரிகளே, வாகனம் ஓட்டாவிட்டாலும் நாமெல்லாம் அதில் ஏறுகிறோம். இன்று உங்கள் வீட்டு வாகனத்தின் டயரை உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.