குண்டு துளைக்காத யன்னல்: கண்ணாடி மட்டும் காவலாகாது

எல்லாத் துப்பாக்கிகளுக்கும் ஈடுகொடுக்கும் கண்ணாடி என்று உலகில் எதுவும் இல்லை. குறித்ததொரு துப்பாக்கியிலிருந்து குறித்த தூரத்தில் சுடப்படும் இத்தனை சன்னங்களைத் தடுக்கும் என்று ஆய்வுகூடத்தில் சோதித்துத் தரப்படுத்திய கண்ணாடியே உண்டு. தம் வீட்டுக்கு அத்தகைய யன்னலைப் பொருத்த எண்ணுபவர் முதலில் மனங்கொள்ள வேண்டியது இதுவே.

இக்கண்ணாடி ஒற்றைத் தகடன்று. பிரெஞ்சு இரசாயனவியலாளர் எதுவார் பெனதிக்துஸ் 1909இல் காப்புரிமை பெற்ற ஒட்டுக்கண்ணாடி, அதாவது இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே பிளாஸ்ரிக் படலத்தை வைத்து ஒன்றாக்கிய கண்ணாடி, பல அடுக்குகளாகத் தடித்து வளர்ந்த வடிவமே இது. சன்னம் பட்டதும் வெளித்தகடு அவ்விடத்தில் மாவாக நொறுங்கி அதன் கூர்முனையைச் சப்பையாக்குகிறது. சப்பையான சன்னத்தின் விசை அகன்ற பரப்பில் பரவ, இடைப்படலங்கள் இழுபட்டு அதனைப் பிடித்துக்கொள்கின்றன. பட்ட இடத்தைச் சுற்றி வெண்ணிற வெடிப்புகள் வலைபோல் படர்கின்றன. சன்னம் உள்ளே வராவிடினும் அதன் அதிர்ச்சியால் உட்புறத் தகட்டிலிருந்து கூரிய சிதறல்கள் அறைக்குள் பாய்ந்து கண்ணைப் பறிக்கக்கூடும் என்பதால், தரமான யன்னல்களின் உட்பக்கத்தில் பொலிகாபனேற்று எனப்படும் எளிதில் முறியாத பிளாஸ்ரிக் தகடு சேர்க்கப்படுகிறது. ஈ.என். 1063 என்னும் ஐரோப்பியத் தரநிலை, சிதறல் வீசும் கண்ணாடியையும் வீசாத கண்ணாடியையும் தனித்தனிக் குறியீடுகளால் பிரித்துக் காட்டுகிறது. மனிதர் வசிக்கும் அறைக்குச் சிதறல் வீசாத வகையே ஏற்றது.

இலங்கையில் பரவலாக அறியப்பட்ட ரி-56 துப்பாக்கியின் 7.62×39 மில்லிமீற்றர் சன்னம் விநாடிக்கு ஏறத்தாழ 700 மீற்றர் வேகத்தில் பாய்வது. மேற்சொன்ன ஐரோப்பியத் தரநிலையின் வழமையான பட்டியலில் இச்சன்னம் இடம்பெறவில்லை என்பதும், வி.பி.ஏ.எம். என்னும் ஐரோப்பியச் சோதனை அமைப்பின் ஆறாம் படியில் அது இடம்பெறுகிறது என்பதும் வாங்குபவர் அவசியம் அறிய வேண்டிய செய்திகளாகும். கைத்துப்பாக்கிக்கென ஆக்கப்பட்ட மெல்லிய கண்ணாடி இதன்முன் நிற்காது. தடிப்புக் கூடக்கூடப் பாரமும் கூடும். ஒரு சதுர மீற்றர் கண்ணாடி ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் இரண்டரைக் கிலோ நிறை கொள்வதால், சாதாரண 5 மில்லிமீற்றர் யன்னல் சதுர மீற்றருக்குப் பன்னிரண்டரைக் கிலோவாக இருக்க, 60 மில்லிமீற்றர் கண்ணாடி 150 கிலோவாகிவிடுகிறது.

உதாரணமாகக் களுதாவளையை எடுத்துக்கொள்வோம். அது கிழக்கே கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் அமைந்த எழுவான்கரை ஊர். அங்குள்ள வீடொன்றில் இப்பாரத்தை ஏற்றுவது கண்ணாடிக் கடையில் முடிகிற வேலையன்று. உள்ளே வெற்றிடமுள்ள சீமெந்துக் கல்லால் கட்டிய சுவரை ரி-56 துப்பாக்கியின் சன்னம் துளைத்துவிடும் என்பதால், சுவரைக் கம்பியிட்ட கொங்கிறீற்றால் வலுப்படுத்தாமல் யன்னலை மட்டும் மாற்றுவது செலவுக்குரிய பயனைத் தராது. மர நிலைக்குப் பதிலாக, சன்னத்தைத் தாங்கும் உருக்குச் சட்டம் சுவருக்குள் ஆழப் பதிக்கப்பட வேண்டும். உப்புக்காற்று அச்சட்டத்தைத் துருப்பிடிக்கச் செய்யும், ஈரப்பதன் ஓரங்களால் புகுந்து அடுக்குகளைப் பிரித்து வெண்புகைபோல் மூட்டமாக்கும். பொலிகாபனேற்று வெப்பத்தில் கண்ணாடியைவிடச் சுமார் ஏழு மடங்கு விரிவடைவதால், நெகிழ்வான இடைப்படலமின்றி ஒட்டினால் அடுக்குகள் கழன்றுவிடும். இவை யாவற்றுக்கும் மேலாக, இத்தகைய யன்னல்கள் பெரும்பாலும் திறவாமல் நிலையாகப் பொருத்தப்படுபவை. கடற்காற்றை நம்பிக் கட்டிய வீடு அதன்பின் குளிரூட்டியை நம்பி இயங்க வேண்டியிருக்கும்.

நாட்டின் கசப்பான வரலாறும் இக்காவலின் எல்லையைக் காட்டுகிறது. முன்னாள் எதிர்க்கட்சித் தலைவர் அ. அமிர்தலிங்கம் 1989 யூலை 13 அன்று கொழும்பில் வீட்டுக்குள்ளேயே, பேசுவதற்கென வந்து உள்ளே அனுமதிக்கப்பட்டவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் 2005 ஓகஸ்ட் 12 அன்று தம் சொந்த வீட்டின் நீச்சல் குளத்தருகே நின்றபோது அயல் வீட்டின் மேல்மாடியிலிருந்து சுடப்பட்டார்; அதே ஆண்டு நத்தார் நள்ளிரவு வழிபாட்டில் மட்டக்களப்பைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் யோசப் பரராசசிங்கம் புனித மரியாள் பேராலயத்துக்குள் கொல்லப்பட்டார். இம்மூவருள் எவரையும் யன்னல் காத்திருக்க முடியாது: ஆபத்து ஒருவரிடம் வாசல் வழியாக வந்தது, மற்றிருவரை வீட்டுச் சுவர்களுக்கு வெளியே கண்டது. குறிவைக்கப்பட்டவரின் உயிர்க்காவல், யார் வருகிறார், யார் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற விழிப்பிலேயே தொடங்குகிறது.

உயிருக்கு நேரடி அச்சுறுத்தல் இல்லாத பெரும்பான்மைக் குடும்பங்களுக்கு, 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி போன்ற காற்றில் உடைந்தாலும் சிதறாத எளிய ஒட்டுக்கண்ணாடியே பொருத்தமானது, செலவும் மிகக் குறைவு. ஏற்கெனவே உள்ள கண்ணாடியில் ஒட்டும் மெல்லிய பாதுகாப்புப் படலம் சிதறலைப் பிடித்து வைக்குமேயன்றிச் சன்னத்தைத் தடுக்காது. அதனைக் குண்டு துளைக்காதது என்று விற்பவரை நம்பக் கூடாது. உண்மையிலேயே தேவையுள்ளவர் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் தனித்தனியாகச் சோதனைச் சான்றிதழ் கேட்டு, அதில் துப்பாக்கியின் வகையும் சூட்டின் எண்ணிக்கையும் சிதறல் குறியீடும் எழுதப்பட்டிருப்பதைக் கண்ட பின்னரே முற்பணம் கொடுக்க வேண்டும்.